ரெடிஸ், டெர்ராஃபார்ம், எலாஸ்டிக்: ஓப்பன் சோர்ஸ் ‘பட்டா’ யார் பெயரில் இருக்கிறது?

உணவு டெலிவரி ஆப்பில் பிரியாணியை கார்ட்டில் போட்டுவிட்டு, போன் வந்ததால் பாதியில் மூடிவிட்டீர்கள். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் பிரியாணி அப்படியே இருக்கிறது. திரும்ப லாகின் செய்யச் சொல்லியும் கேட்கவில்லை. இப்படி அடிக்கடி தேவைப்படும் தகவலை சர்வரின் மெமரியிலேயே வைத்து, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு உலகம் முழுக்க அதிகம் பயன்படும் மென்பொருள்களில் ஒன்று ரெடிஸ். பேக்-எண்ட் வேலை பார்ப்பவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஏதாவது ஒரு ஐ.டி. வளாகத்தில் நுழைந்து கேட்டால், “அதுவா? எங்க புராஜெக்ட்லயும் இருக்கு” என்று சொல்ல நாலு பேராவது கிடைப்பார்கள்.

2024 மார்ச் 20 அன்று ரெடிஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 7.4 பதிப்பு முதல் ரெடிஸ் பழைய பி.எஸ்.டி. லைசென்ஸில் வராது என்பதுதான் அதன் சாரம். 15 ஆண்டுகளாக யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்று இருந்த ஒரு மென்பொருள், ஒரே நாளில் “எடுக்கலாம், ஆனால்…” என்று மாறியது.

அன்று முதல் நடந்தவை, ஓப்பன் சோர்ஸ் பற்றி ஐ.டி. துறையில் பலரும் வைத்திருந்த ஒரு நம்பிக்கையை ஆட்டம் காண வைத்துவிட்டன. “ஓப்பன் சோர்ஸ்தானே, எங்கே போயிடப் போகுது?” என்பதே அந்த நம்பிக்கை.

என்ன மாறியது?

ரெடிஸை 2009-ல் எழுத ஆரம்பித்தவர் இத்தாலியின் சிசிலியைச் சேர்ந்த சால்வதோரே சான்ஃபிலிப்போ. இணையதளங்களுக்கு வருபவர்களின் எண்ணிக்கையை உடனுக்குடன் காட்டும் ஒரு சின்ன சேவையை நடத்திக்கொண்டிருந்தார். இருந்த டேட்டாபேஸ்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. தன் தேவைக்காக ஒன்றைத் தானே எழுதினார். அதை பி.எஸ்.டி. லைசென்ஸில் வெளியிட்டார். ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்களிலேயே மிகவும் தாராளமான வகை அது. எழுதியவரின் பதிப்புரிமைக் குறிப்பை நீக்காமல் வைத்திருந்தால் போதும், மற்றபடி கேள்வி கேட்பார் இல்லை.

2024 அறிவிப்பு இதற்குப் பதிலாக இரண்டு லைசென்ஸ்களைக் கொண்டுவந்தது. பயன்படுத்துபவர் இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்துகொள்ளலாம். சொந்த ஆப்புக்குள் ரெடிஸைப் பயன்படுத்தும் நிறுவனத்துக்கு நடைமுறையில் பெரிய சிக்கல் இல்லை. ரெடிஸையே ஒரு சேவையாக வாடகைக்கு விடும் கிளவுட் நிறுவனங்களுக்குத்தான் அடி. அவர்கள் ரெடிஸ் நிறுவனத்திடம் ஒப்பந்தம் போட வேண்டும். இல்லாவிட்டால், அந்தச் சேவையை நடத்தப் பயன்படுத்தும் தங்கள் மென்பொருள்கள் அனைத்தின் மூலநிரலையும் வெளியிட வேண்டும். இரண்டாவது நிபந்தனையை எந்தக் கிளவுட் நிறுவனமும் ஏற்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

எட்டு நாட்கள் கழித்து, மார்ச் 28 அன்று லினக்ஸ் ஃபவுண்டேஷன் வால்கீ என்ற புதிய திட்டத்தை அறிவித்தது. ரெடிஸின் கடைசி பி.எஸ்.டி. வரிசையான 7.2.4-ஐ எடுத்துக்கொண்டு அங்கிருந்து தனியாகக் கிளம்பிய ‘ஃபோர்க்’ அது. பின்னால் நின்றவர்கள் அமேசான், கூகுள் கிளவுட், ஆரக்கிள், எரிக்சன், ஸ்னாப். எட்டே நாளில் இவ்வளவு பேர் ஒரே மேசைக்கு வந்தது ஓப்பன் சோர்ஸ் உலகில் அபூர்வம். மைக்ரோசாஃப்ட் மட்டும் ரெடிஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தத்தைத் தொடர்ந்தது.

இது முதல் முறை இல்லை

இதே படம் வேறு வேறு பெயர்களில் ஏற்கெனவே ஓடியிருக்கிறது. 2018 அக்டோபரில் மோங்கோ-டிபி தன் லைசென்ஸை மாற்றியது. சேவை நடத்துபவர் தன் மென்பொருள் மொத்தத்தையும் திறக்க வேண்டும் என்ற நிபந்தனையை எழுதியதே அந்த நிறுவனம்தான். எஸ்.எஸ்.பி.எல். என்பது அதன் பெயர். எது ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் என்று அங்கீகரிக்கும் ‘ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ்’ அமைப்பிடம் அதைக் கொண்டுபோனார்கள். எதிர்ப்பு வலுக்கவே 2019-ல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

2021 ஜனவரியில் எலாஸ்டிக் நிறுவனத்தின் முறை. அதன் எலாஸ்டிக்சர்ச், இணையதளங்களின் தேடல் வசதிக்குப் பின்னால் இருக்கும் மென்பொருள். 2015 முதலே அமேசான் அதே பெயரில் ஒரு சேவையை விற்றுவந்தது. 2019-ல் எலாஸ்டிக் டிரேட்மார்க் வழக்குப் போட்டது. அடுத்த கட்டமாக லைசென்ஸையே மாற்றியது. அமேசான் மூன்றே மாதத்தில் ஓப்பன்சர்ச் என்று தன் ஃபோர்க்கை இறக்கியது.

2023 ஆகஸ்ட் 10-ல் ஹாஷிகார்ப். கிளவுடில் சர்வர்களை உருவாக்குவதை ஒரு ஃபைலில் எழுதிவைத்து இயக்க உதவும் டெர்ராஃபார்ம், இந்த நிறுவனத்துடையது. டெவ்-ஆப்ஸ் வேலைக்கு வரும் எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் டெர்ராஃபார்ம் அனுபவம் கேட்டிருப்பார்கள். இங்கே வந்த புதிய லைசென்ஸ், ஹாஷிகார்ப் நிறுவனத்துக்குப் போட்டியான சேவைக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. ‘போட்டி’ என்றால் என்ன, அதை யார் முடிவு செய்வது என்று கேள்விகள் கிளம்பின. செப்டம்பரில் ஓப்பன்டோஃபு என்ற ஃபோர்க் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குள் வந்தது. 2024 ஏப்ரலில் ஹாஷிகார்ப் நிறுவனத்தை 640 கோடி டாலருக்கு வாங்குவதாக ஐ.பி.எம். அறிவித்தது. 2025 பிப்ரவரியில் கைமாற்றம் முடிந்தது.

நிறுவனங்கள் தரப்பில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. கஷ்டப்பட்டு சமைப்பது ஒருவர், பெரிய ஹால் வைத்திருப்பவர் அதை வாங்கிப் பரிமாறிக் காசு பார்ப்பது என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? கிளவுட் நிறுவனங்களிடம் சர்வர்கள் இருக்கின்றன, வாடிக்கையாளர் இருக்கிறார், மாதாமாதம் பில் போகிறது. அந்தப் பட்டியலில் இன்னொரு வரியாக ரெடிஸையோ எலாஸ்டிக்சர்ச்சையோ சேர்ப்பது அவர்களுக்குச் சுலபம். எழுதிய நிறுவனத்துக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. முதலீட்டாளர் பணத்தில் ஓடும் ஸ்டார்ட்-அப் இதை எத்தனை வருடம் வேடிக்கை பார்க்கும்?

ஆனால் ரெடிஸ் விஷயத்தில் இந்த வாதம் பாதிதான் நிற்கிறது. 2020-ல் சான்ஃபிலிப்போ நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, மென்பொருளைக் கவனித்துக்கொள்ள ஐந்து பேர் கொண்ட குழு அமைந்தது. அதில் ரெடிஸ் நிறுவனத்தினரோடு அமேசான் ஊழியர் ஒருவரும் அலிபாபா ஊழியர் ஒருவரும் இருந்தார்கள். அதாவது, ஓசியில் சாப்பிடுவதாகச் சொல்லப்பட்ட நிறுவனங்களும் அடுப்படியில் ஆள் போட்டிருந்தன. லைசென்ஸ் மாறியதும் அந்த ஆட்கள் வால்கீக்குப் போய்விட்டார்கள். இன்னொன்று, ரெடிஸை ஆரம்பித்தவர்கள் அந்த நிறுவனத்தினர் இல்லை. வேறொருவர் ஆரம்பித்து வளர்த்த மென்பொருளுக்கு ஆதரவளிக்க வந்து, பிறகு அதன் பெயரையும் பெற்றவர்கள் அவர்கள். 2018-ல் சில துணை மாட்யூல்களின் லைசென்ஸை மாற்றியபோது, ‘மைய ரெடிஸ் பி.எஸ்.டி.யிலேயே தொடரும்’ என்ற உறுதி வெளிப்படையாகவே தரப்பட்டது. ஆறு ஆண்டுகூட அது தாங்கவில்லை.

இதில் அடி யாருக்கு விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். குறி வைத்தது பெரிய கிளவுட் நிறுவனங்களை. அவர்களுக்கோ ஃபோர்க் எடுக்க ஆளும் காசும் இருந்தன. 2024 அக்டோபரில் அமேசான் தன் சேவையில் வால்கீயைக் கொண்டுவந்து, ரெடிஸைவிட 20 சதவீதம் குறைந்த விலை வைத்தது. மூச்சுத் திணறியது நடுவில் இருந்தவர்கள்: சின்ன ஹோஸ்டிங் நிறுவனங்கள், லீகல் டீம் இல்லாத ஸ்டார்ட்-அப்கள், “இதை அப்டேட் பண்ணலாமா, கூடாதா?” என்று மேனேஜருக்கு மெயில் போட்டுவிட்டுக் காத்திருந்த இன்ஜினீயர்கள். அதைவிட வருத்தம், இரவில் விழித்து பேட்ச் அனுப்பிய பங்களிப்பாளர்களுக்கு. தங்கள் உழைப்பு சேர்ந்த மென்பொருளின் அடுத்த பதிப்பு எந்த நிபந்தனையில் வரும் என்பதில் அவர்களை யாரும் கேட்கவில்லை.

தனிப்பட்டாவா, கூட்டுப் பட்டாவா?

இப்போது முக்கியமான கேள்வி. ஒரே அறிவிப்பில் இப்படி மாற்ற முடியும் என்றால், லினக்ஸையும் நாளைக்கு ஒரு நிறுவனம் இப்படி மாற்றிவிட முடியுமா?

முடியாது. காரணம், நம் ஊர் நில விவகாரம் தெரிந்தவர்களுக்குச் சட்டெனப் புரியும்.

லினக்ஸ் கெர்னலுக்கு கோடு எழுதிக் கொடுப்பவர், அந்த வரிகளின் பதிப்புரிமையை யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. இதுவரை எழுதிய ஆயிரக்கணக்கானவர்களின் பெயரில் அது சிதறிக் கிடக்கிறது. அவரவர் பங்கு ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு என்ற லைசென்ஸில் இருக்கிறது. மாற்றியமைத்து வெளியிடுபவரும் அதே லைசென்ஸில்தான் வெளியிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆக, லைசென்ஸை மாற்ற வேண்டுமானால் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். அவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது, சிலர் முன்பு வேலை பார்த்த நிறுவனங்களே இப்போது இல்லை. நூறு பங்காளிகள் இருக்கும் கூட்டுப் பட்டா நிலம் மாதிரி. விற்க நினைப்பவருக்குத் தலைவலி. அதுவே நிலத்துக்குப் பாதுகாப்பு.

எலாஸ்டிக், ஹாஷிகார்ப் போன்ற நிறுவனங்களின் திட்டங்களில் பங்களிக்க வேண்டுமானால் முதலில் ஓர் ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும். பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம் என்பார்கள். கிட்ஹப்பில் பேட்ச் அனுப்பும்போது ஒரு பாட் வந்து “இதில் கையெழுத்திடுங்கள்” என்று கேட்குமே, அதுதான். பலர் படிக்காமலேயே ஓகே செய்துவிடுவார்கள். உங்கள் கோடை அந்த நிறுவனம் தன் விருப்பப்படி பயன்படுத்தவும், வேறு நிபந்தனையில் கொடுக்கவும் தரும் பரந்த அனுமதி பெரும்பாலும் அதற்குள் இருக்கும். பத்திரப்பதிவு அலுவலகப் பாஷையில் சொன்னால், பவர் எழுதிக் கொடுப்பது. பவர் கையில் இருப்பவர் என்ன செய்வார் என்பது அவருடைய நல்ல மனதைப் பொறுத்தது. போர்டு உறுப்பினர்கள் மாறினால் மனதும் மாறும்.

ரெடிஸில் பவர்கூடத் தேவைப்படவில்லை. பி.எஸ்.டி. லைசென்ஸே போதும். யார் வேண்டுமானாலும் எடுத்து, தன் புதிய வேலையோடு சேர்த்து வேறு நிபந்தனையில் வெளியிடலாம் என்று அதுவே அனுமதிக்கிறது. வெளியாள் அப்படிச் செய்தால் அது இன்னொரு பொருள், அவ்வளவுதான். பெயரும், கோடு வைத்திருக்கும் கிட்ஹப் பக்கமும், வெளியீட்டுச் சாவியும் வைத்திருப்பவர் செய்தால் அதுவே ‘ரெடிஸ்’ ஆகிவிடுகிறது. தனிப்பட்டாவின் பலன் அது.

அப்படியென்றால் தாராள லைசென்ஸ் எல்லாமே ஆபத்தா என்றால், போஸ்ட்கிரெஸ் அப்படி இல்லை. லைசென்ஸ் பி.எஸ்.டி. மாதிரியேதான். ஆனால் அதன் பின்னால் ஒரே முதலாளி கிடையாது. வழிநடத்தும் மையக் குழுவில் எந்த ஒரு நிறுவனத்தின் ஊழியர்களும் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்று நீண்டகாலமாக எழுதப்படாத வழக்கம் இருக்கிறது. 2020-ல் எண்டர்பிரைஸ்-டிபி நிறுவனம் செகண்ட்-குவாட்ரன்ட் நிறுவனத்தை வாங்கியபோது அந்தக் கணக்கு குலைந்தது. குழு அதை வெளிப்படையாகச் சொல்லி, வேறு நிறுவனங்களிலிருந்து புதியவர்களைச் சேர்த்துச் சரிசெய்தது. லைசென்ஸ் பெயரைவிட இந்த மாதிரி வழக்கங்கள்தான் ஒரு மென்பொருளின் ஆயுளைச் சொல்கின்றன. ஆனால் எந்த டூலைத் தேர்வு செய்வது என்ற மீட்டிங்கில் இதை ஸ்லைடில் போடுபவர்கள் குறைவு. கிட்ஹப் ஸ்டார் எண்ணிக்கை மட்டும் தவறாமல் இருக்கும்.

தப்பித்தவர்கள் எப்படித் தப்பித்தார்கள்?

ரெடிஸிலிருந்து வால்கீக்கு மாறிய பலருக்கு ஆப்பின் கோடில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. சர்வரை மாற்றினார்கள், ஆப் பழையபடி ஓடியது. இதற்குக் காரணம் லைசென்ஸ் அல்ல. ஆப்பும் ரெடிஸ் சர்வரும் பேசிக்கொள்ளும் மொழி, அதாவது புரோட்டோகால், எளிமையானது. முழுமையாக எழுதி வெளியிடப்பட்டது. அதைப் பேசத் தெரிந்த எந்த சர்வரையும் அந்த இடத்தில் உட்கார வைக்கலாம். இங்கேதான் ஓப்பன் சோர்ஸின் அண்ணன் கதைக்குள் வருகிறார்: திறந்த தரநிலை.

இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஓப்பன் சோர்ஸ் என்பது மென்பொருளின் உள்ளே இருப்பதைத் திறந்து காட்டுவது. திறந்த தரநிலை என்பது இரண்டு மென்பொருள்கள் சந்திக்கும் இடத்தை எல்லோருக்கும் பொதுவாக வைப்பது. வீட்டில் இருக்கும் மூணு பின் பிளக் மாதிரி. மிக்ஸியின் உள்ளே என்ன மோட்டார் என்று தெரியாமல் இருக்கலாம். எந்த கம்பெனி மிக்ஸியும் அந்த சாக்கெட்டில் ஏறும் என்பதுதான் வாங்குபவருக்குப் பலம்.

தமிழ் வாசகர்களுக்கு இதைவிடக் கிட்டத்தில் ஓர் உதாரணம் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் இணையத்தில் தமிழ் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு நாளிதழ் தளத்துக்கும் ஒரு எழுத்துருவை டவுன்லோடு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் திரை முழுக்க ஆங்கிலக் குறிகளும் கட்டங்களும் கிறுக்கித் தெரியும். ஒரு தளத்தின் செய்தியை காப்பி செய்து இன்னோர் இடத்தில் ஒட்டினால் குப்பை. டிஸ்கி, டாப், டாம் என்று குறியீட்டு முறைகள் பல. 1999-ல் தமிழ்நாடு அரசு டாம், டாப் இரண்டையும் ஏற்றது. யூனிகோடு 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழைச் சேர்த்திருந்தாலும், அது நம் ஊர் கணினிகளில் புழக்கத்துக்கு வர வருடங்கள் பிடித்தன. 2010 கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, யூனிகோடும் அதற்கு மாற்றாக டேஸ்-16 முறையும் தரமாக அறிவிக்கப்பட்டன.

யூனிகோடு தமிழை அடுக்கிய விதம் பிடிக்காத தமிழ்க் கணினி வல்லுநர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கன்சார்டியத்தில் முழு ஓட்டுரிமை உள்ள இடங்கள் பெரும்பாலும் பெரிய டெக் நிறுவனங்களிடம்தான். குறையில்லாத ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஆனாலும் இன்று எந்த போனில், எந்த ஆப்பில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிகிறது. போன் கம்பெனியை மாற்றினால் பழைய மெசேஜ்கள் கட்டங்களாக மாறுவதில்லை.

இதன் மறுபக்கத்தைக் காட்டியது எலாஸ்டிக். ஓப்பன்சர்ச் வந்த சில மாதங்களில், 2021-ல், எலாஸ்டிக் நிறுவனம் தன் கிளையன்ட் லைப்ரரிகளில் ஒரு சோதனையைச் சேர்த்தது. எதிரில் இருக்கும் சர்வர் அசல் எலாஸ்டிக்சர்ச்தானா என்று பார்ப்பது. இல்லை என்றால் பேச மறுப்பது. லைப்ரரி அப்போதும் ஓப்பன் சோர்ஸ்தான், கோடு கண் முன்னே இருந்தது. ஆனாலும் அப்டேட் செய்த ஆப்கள் வேறு சர்வரிடம் பேச முடியாமல் நின்றன. பழைய பதிப்பில் தங்குவது அல்லது ஓப்பன்சர்ச் தரப்பு எழுதிய வேறு லைப்ரரிக்கு மாறுவது என்ற இரண்டு வழிதான். சாக்கெட்டுக்குள் பூட்டு வைத்த மாதிரி.

மினியோ விவகாரமும் இதையே வேறு கோணத்தில் சொல்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி இணைந்து நிறுவிய இந்த மென்பொருள், அமேசானின் எஸ்-3 போன்ற சேமிப்பகத்தை சொந்த சர்வரிலேயே அமைத்துக்கொள்ள உதவுவது. 2021 முதல் ஏ.ஜி.பி.எல். லைசென்ஸில் இருக்கிறது, அசல் ஓப்பன் சோர்ஸ், சந்தேகமில்லை. 2025-ல் இலவசப் பதிப்பின் வெப் கன்சோலில் இருந்த நிர்வாக வசதிகளை நிறுவனம் நீக்கியபோது, நம்பி இருந்தவர்கள் கொந்தளித்தார்கள். லைசென்ஸ் மாறவே இல்லை. மாறியது நிறுவனத்தின் அக்கறை. மூலநிரலை மூடாமலே ஒரு திட்டத்திலிருந்து கையை எடுத்துக்கொள்ள முடியும் என்பதை இது காட்டியது. ஆனால் இவர்களுக்கும் ஒரு கதவு இருந்தது. மினியோ பேசியது எஸ்-3 மொழி. அதே மொழியைப் பேசும் செஃப், கராஜ், சீவீட்-எஃப்.எஸ். போன்றவை இருக்கின்றன. மாறுவது தலைவலிதான், ஆனால் சாத்தியம்.

எஸ்-3 மொழி அமேசானுடையது, எந்தத் தர நிர்ணய அமைப்பும் வகுத்தது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நாளைக்கு அமேசான் அதை மாற்றினால் மற்றவர்கள் பின்னால் ஓட வேண்டும். இடைமுகத்துக்கு ஒருவர் சொந்தம் கொண்டாட முடியுமா என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜாவா மொழியின் இடைமுகத்திலிருந்து சுமார் 11,500 வரிகளை ஆண்ட்ராய்டுக்காக கூகுள் எடுத்ததாக ஆரக்கிள் வழக்குப் போட்டது. அது நியாயமான பயன்பாடுதான் என்று 2021 ஏப்ரலில் 6-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. இடைமுகத்துக்குப் பதிப்புரிமை உண்டா, இல்லையா என்பதை நீதிமன்றம் தொடாமல் விட்டுவிட்டது.

தரநிலை இருந்தால் மட்டும் போதும் என்றும் இல்லை. எஸ்.க்யூ.எல். 1987-லேயே சர்வதேசத் தரநிலை ஆனது. அப்படியும் ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறுவதென்றால் அது தனி புராஜெக்ட், தனி டீம். ஒவ்வொரு நிறுவனமும் தரத்துக்கு மேல் தன் சொந்த வசதிகளை அடுக்கிவைத்திருக்கிறது. அந்தக் கூடுதல் வசதிகளில்தான் வாடிக்கையாளர் மாட்டிக்கொள்கிறார். இந்த மைக்ரேஷன் வேலையை நம்பி ஓடும் டீம்கள் சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன. அவர்களுக்கு இது நல்ல செய்திதான்.

திரும்பி வந்தவர்கள்

2024 ஆகஸ்ட் இறுதியில் எலாஸ்டிக் நிறுவனம் ஏ.ஜி.பி.எல். லைசென்ஸையும் சேர்ப்பதாக அறிவித்தது. அந்த ஆண்டின் இறுதியில் சான்ஃபிலிப்போ ரெடிஸ் நிறுவனத்தில் மீண்டும் சேர்ந்தார். 2025 மே 1 அன்று ரெடிஸ் 8, அதே ஏ.ஜி.பி.எல்.லோடு வந்தது. அதிகாரபூர்வமாக இரண்டும் இப்போது மறுபடி ஓப்பன் சோர்ஸ்.

போனவர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்களா? அப்படித் தெரியவில்லை. ஃபெடோரா லினக்ஸ் தன் 41-ஆம் பதிப்பிலேயே ரெடிஸை எடுத்துவிட்டு வால்கீயை வைத்துவிட்டது. ஓப்பன்சர்ச்சை 2024 செப்டம்பரில் அமேசான் லினக்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைத்தது. தனிப்பட்டா கூட்டுப் பட்டாவாக மாறிய அரிதான தருணம். மேலும், ஏ.ஜி.பி.எல். என்றாலே பல நிறுவனங்களின் லீகல் டீம்களுக்கு அலர்ஜி. நெட்வொர்க் வழியாகச் சேவை தந்தாலும், மாற்றியமைத்த மூலநிரலைப் பயனருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கூகுள் தன் ஊழியர்கள் அந்த லைசென்ஸ் கோடைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே விதி வைத்திருக்கிறது.

இதுல நமக்கு என்ன?

இந்தியாவில் அரசுத் தரப்பில் பேப்பர் நன்றாகவே இருக்கிறது. மின் ஆளுகையில் திறந்த தரநிலைகளைப் பின்பற்றும் கொள்கை 2010-ல் வந்தது. அரசு மென்பொருள்களில் ஓப்பன் சோர்ஸுக்கு முன்னுரிமை தரும் கொள்கை 2015-ல். ஆனால் ஒரு திட்டத்தின் பின்னால் ஒரே நிறுவனம் இருக்கிறதா, பலரா என்று டெண்டரில் கேட்கும் பழக்கம் வேரூன்றவில்லை.

தனியார் தரப்பில் குறிப்பிடத்தக்க ஒன்று, பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில் அறிவித்த நிதி. உலகம் முழுக்க உள்ள ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர். ஒரு திட்டத்துக்கு 10 ஆயிரம் முதல் ஒரு லட்சம் டாலர் வரை. தன் வியாபாரமே இந்த மென்பொருள்கள் மேல் நிற்கிறது என்று ஒப்புக்கொண்டு காசை எடுத்து வைத்த இந்திய நிறுவனங்கள் சொற்பம். இங்கே ஓப்பன் சோர்ஸை இறக்கிப் பயன்படுத்தும் ஐ.டி. நிறுவனங்களின் அளவோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை. காசு வருவதற்கு வேறு வழி இல்லாதபோதுதான் லைசென்ஸ் மாற்றும் யோசனையே போர்டு ரூமுக்கு வருகிறது என்பதால், இந்தச் சிறிய தொகையும் சரியான இடத்தில்தான் விழுகிறது.

புது டூல் ஒன்றைத் தேர்வு செய்யும் இடத்தில் இருப்பவர், லைசென்ஸ் பெயரோடு இன்னும் சிலவற்றைப் பார்ப்பது நல்லது. டிரேட்மார்க் யாரிடம் இருக்கிறது? கடந்த ஓராண்டில் கோடு சேர்த்தவர்கள் எத்தனை நிறுவனங்களிலிருந்து வந்தவர்கள்? பேட்ச் அனுப்பினால் பவர் பத்திரம் கேட்கிறார்களா? இதே புரோட்டோகாலைப் பேசும் இன்னொரு சர்வர் இருக்கிறதா? எல்லாமே கிட்ஹப்பில் அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ளக் கூடியவை. கடைசிக் கேள்விக்கு ‘இருக்கிறது’ என்று பதில் வந்தால், மற்றவை கொஞ்சம் மோசமாக இருந்தாலும் சமாளித்துவிடலாம்.

டெர்ராஃபார்மின் புதிய லைசென்ஸில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு பதிப்பும் வெளியாகி நான்கு ஆண்டுகள் ஆனதும், அது தானாகவே பழைய ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸுக்குத் திரும்பிவிடும். புதிய லைசென்ஸில் வந்த முதல் பெரிய பதிப்பான 1.6 வெளியானது 2023 அக்டோபரில். 2027 அக்டோபரில் அது மீண்டும் திறந்துகொள்ளும். ஓப்பன்டோஃபு தன் சொந்த 1.6 பதிப்பை 2024 ஜனவரியிலேயே வெளியிட்டுவிட்டு, அதற்குப் பிறகு எத்தனையோ பதிப்புகளைத் தாண்டிவிட்டது.